குழியினின்று கோலுக்கு

(புதுவையில் நிகழ்ந்த திங்கட் கூட்டத்தில் பணிநிறைவு பெற்ற கணக்காசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இம்மேடையில் இலக்கணம் பேசுவர், வேர்ச்சொல் ஆய்வர், பாட்டரங்கு நிகழ்த்துவர். கணக்குப் பேச வந்தவன் யானே முதல்வன் போலும். 'இருபடிச் சமன்பாட்டைக் கூறுபடுத்தித் தீர்த்தல்' என்று தலைப்பை எழுதிக் கொடுத்தபோது, நம் நண்பர் ஒருவர், "ஐயா, கூட்டத்திற்கு ஆள் வரவேண்டுமா, வேண்டாவா?" என்று கேட்டார். வந்திருக்கின்றீர். நன்றி. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கேட்டேன், அவையும் வந்துவிட்டன. இனித் தப்பிக்க வழியில்லை.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பிற் பயிலும் பெண்பிள்ளை ஒருத்தி. நல்ல அறிவுடையவள். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, இருபடிச் சமன்பாட்டின் வாய்பாட்டை எனக்கு ஒப்பித்துக் காட்டினாள். ஆங்கிலத்தில், ஒரே மூச்சில், ஓரிடத்தும் தடுக்காமல் சொன்னாள். மகிழ்ந்தேன். பிறகு கேட்டேன்: "அம்மா, பாகூர்ப் பக்கம் 60 குழி நிலம் ஒன்று உண்டு. அதன் நீளம் அகலத்தைவிட 7 கோல் மிகுதி. அகலம் எவ்வளவு?" அவள் சிறிது நேரம் என்னைப் பார்த்தாள். "தாத்தா, இது எங்கள் பாடத்தில் இல்லை" என்றாள்.

அன்பர்களே, அவள் ஒப்பித்த வாய்பாட்டுக்கு வேலையே அதுதான்! கையில் திறவுகோலை வைத்துக்கொண்டு, பூட்டைப் பார்த்து 'இது எனக்குரியதன்று' என்று சொல்லும்படி அவளை ஆக்கியது எது? இன்று யான் பேச வந்தது இவ்வொன்றைப் பற்றித்தான்.

குழி என்றால் என்னவென்று புதுவை உழவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நம் புதுவை வழக்கில் 24 அடி நீளமும் 24 அடி அகலமும் உடைய இடம் ஒரு குழி. அஃதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களில் குழி இதனினும் சிறியது. 144 சதுர அடியே கொள்வாரும் உளர். நாம் நம் ஊர்க் குழியையே கொள்வோம். 24 அடியை ஒரு கோல் என வைத்துக்கொண்டால், ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் ஒரு குழி. நீளக்கோலை அகலக்கோலாற் பெருக்கக் குழி வரும். பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு 'குழிமாற்று' என்றொரு வாய்பாடும் ஓதுவித்தார்களே, அப்பெயரிலேயே இந்தக் குழிதான் இருக்கிறது. பரப்புக் காணும் பெருக்கம் அது. கோலிலிருந்து குழிக்குப் போகும் வழி அஃது. நாம் இன்று தேடுவதோ திரும்பி வரும் வழி. குழி தெரியும்; கோல் எத்தனை?

பலகையைப் பாருங்கள். தெரியாத எண்ணுக்கு 'எக்சு' என்று எழுதுவது வழக்கம். யான் அகலத்தின் முதலெழுத்தாகிய 'அ' என்பதையே எழுதுகிறேன். அகலம் அ, நீளம் அ + 7. எனவே,

அ(அ + 7) = 60

அந்தப் பிள்ளையிடம் இதுவரை எழுதிக் கொடுத்து, மேலே செய் என்றேன். அவள் எழுதியது என்ன தெரியுமா? "அ = 60, அல்லது அ + 7 = 60. எனவே அ = 60 அல்லது 53." முப்பத்தைந்து ஆண்டு கணக்குக் கற்பித்தவன் யான், இந்தப் பிழையை எத்தனை விடைத்தாளில் திருத்தியிருப்பேன் என்று எண்ண முடியாது. சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் இந்தப் பிழையில்தான் இம்முறையின் உயிரே இருக்கிறது.

இரண்டு எண்களைப் பெருக்கினால் 60 என்று ஒருவர் சொன்னால், அவ்வெண்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. 5-உம் 12-உம் ஆகலாம். 120-உம் அரையும் ஆகலாம். அறுபது வாய்திறவாச் சான்றாளன். எவ்வளவு கேட்டாலும் யாரையும் காட்டிக் கொடுக்காது. ஆனால் பெருக்கினால் சுழி வருகிறது என்று சொல்லிப் பாருங்கள்! அப்போது ஒன்று உறுதி. இரண்டில் ஒன்றேனும் சுழியாயிருந்தாக வேண்டும். சுழியல்லாத இரண்டு எண்களைப் பெருக்கிச் சுழியை வரவழைக்க உலகில் யாராலும் இயலாது. எண்களுக்குள்ளே உண்மையைக் கக்கிவிடும் எண் சுழி ஒன்றுதான். அதனாலன்றோ 60-ஐ இடப்பக்கத்திற்குக் கொண்டுவந்து, வலப்பக்கத்தைச் சுழியாக்குகிறோம்! பாடநூல் 'வலப்பக்கம் சுழியாகுமாறு எழுதுக' என்று கட்டளையிடும். ஏன் என்று சொல்லாது. இந்த 'ஏன்' விளங்கிய பிள்ளை 'அ = 60' என்று தன் வாழ்நாளில் எழுதாது.

அ² + 7அ − 60 = 0

இதை இரண்டு கூறுகளின் பெருக்கமாக எழுத வேண்டும். (அ + ஓர் எண்)(அ + மற்றோர் எண்) என்று பெருக்கிப் பார்த்தால், அவ்விரண்டு எண்களின் கூட்டுத்தொகை நடுவில் வந்து அமர்கிறது; பெருக்குத்தொகை கடைசியில் நிற்கிறது. ஆகவே கூட்டினால் 7, பெருக்கினால் −60 தரும் இரண்டு எண்கள் வேண்டும். பெருக்குத்தொகை குறையெண், ஆகலின் ஒன்று மிகையெண், மற்றொன்று குறையெண். இனி எண்சுவடி வேலை செய்யும். 60-ஐப் பிளப்போம்: 1, 60, 2, 30, 3, 20, 4, 15, 5, 12, 6, 10. இவற்றின் வேறுபாடுகள் முறையே 59, 28, 17, 11, 7, 4. ஐந்தாம் இணையில் நாம் தேடிய 7 நிற்கிறது. 12-ஐ மிகையாகவும் 5-ஐக் குறையாகவும் கொள்க.

(அ + 12)(அ − 5) = 0

பெருக்கம் சுழி. ஆகவே அ − 5 சுழியாகலாம்; அப்போது அ = 5. அல்லது அ + 12 சுழியாகலாம்; அப்போது அ = −12. அகலம் 5 கோல், நீளம் 12 கோல். பெருக்க 60 குழி. அடியிற் சொன்னால் 120 அடிக்கு 288 அடி. மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் 13 கோல் வரும். ஐயமுள்ளவர் அளந்து பார்க்கலாம்.

−12 என்ன ஆயிற்று? நிலத்திற்குக் குறையகலம் இல்லை, ஆகவே தள்ளுகிறோம். ஆனால் அது பொய்யென்று தள்ளவில்லை. சமன்பாட்டிற்கு அதுவும் மெய்யான விடையே. −12-ஐ −5-ஆற் பெருக்கிப் பாருங்கள், 60 வரும். நம் நிலத்திற்குத்தான் அது பொருந்தாது. இந்தக் குறை விடையைப் 'பொய்வேர்' என்று அழைத்தவர் பிரெஞ்சு நாட்டறிஞர் தெக்கார்த்து. 1637-இல் வெளிவந்த தம் வடிவக்கணக்கு நூலில் அவர் இம்முறையைத் தலைகீழாகக் காட்டுகிறார். விடை 2 என்றால் அ − 2 = 0; விடை 3 என்றால் அ − 3 = 0; இரண்டையும் பெருக்கினால் அ² − 5அ + 6 = 0 என்னும் சமன்பாடு பிறக்கிறது. அஃதாவது, சமன்பாடு என்பது தன் விடைகளைப் பெருக்கிக் கட்டிய வீடு. கூறுபடுத்துதல் என்பது அவ்வீட்டைக் கட்டிய வழியே பிரித்தெடுப்பது. அவர்க்கு ஆறாண்டு முன்னர், 1631-இல் அச்சேறிய ஆங்கிலேயர் ஆரியட்டின் நூலிலும் இக்கருத்து உண்டு. அவர் அப்போது உயிரோடில்லை.

எனக்குக் கணக்குக் கற்பித்த ஆசிரியர் பிரெஞ்சுப் பள்ளியிற் பயின்றவர். 1954 நவம்பர் முதல்நாள் புதுவை ஆட்சி கைமாறுவதற்கு முன்பே படிப்பை முடித்தவர். பலகையில் அவர் எழுதும் முறையெல்லாம் பிரெஞ்சு முறை. ஆனால் எண்ணைப் பிளக்கும்போது அவர் உதடுகளைப் பார்ப்போம். 'ஈராறு பன்னிரண்டு, ஐயாறு முப்பது' என்று அவை தமிழில் அசையும். கையெழுத்து பிரெஞ்சு, கணக்கு தமிழ். அன்று அதைக் கண்டு சிரித்தோம். இன்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இனி உங்களுக்கு ஒரு வியப்பு. 60 குழி, 7 கோல் மிகுதி என்று யான் சொன்ன கணக்கு என் சொந்தக் கணக்கன்று. ஏறத்தாழ 3,700 ஆண்டுகட்கு முன்னர்ப் பாபிலோனியர் களிமண் பலகையில் எழுதிவைத்த கணக்கு. இரண்டு எண்கள், வேறுபாடு 7, பெருக்குத்தொகை 60. அப்பலகை இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நொய்கெபவுவர் என்னும் அறிஞரும் சாக்சு என்பாரும் 1945-இல் அதைப் பதிப்பித்தனர். பலகை சொல்லும் வழி வேறு. 7-ஐப் பாதியாக்கு, மூன்றரை. அதை அதனாற் பெருக்கு, பன்னிரண்டேகால். 60-ஐக் கூட்டு, எழுபத்திரண்டேகால். எந்த எண்ணைத் தன்னோடு பெருக்கினால் இது வரும்? எட்டரை. எட்டரையோடு மூன்றரை கூட்டப் பன்னிரண்டு; கழிக்க ஐந்து.

இது மாயமன்று, நிலத்தில் வரைந்தால் விளங்கிவிடும். நீளப்பக்கத்தில் மிகுந்து நிற்கும் 7 கோல் துண்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை எடுத்து அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். நிலம் ஏறத்தாழச் சமக்கட்டம் ஆகிவிடும். ஒரு மூலையில் மட்டும் மூன்றரைக்கு மூன்றரை இடம் குறையும். அந்த மூலையை நிரப்பினால் முழுக்கட்டம். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாகுதாதில் வாழ்ந்த அல்-குவாரிசுமி தம் நூலில் விளக்கியதும் இத்தகைய படமே. நம் பாடநூல் இதற்கு 'வர்க்கப் பூர்த்தி முறை' என்று பெயர் வைத்திருக்கிறது. 'பூர்த்தி' என்றவுடன் எந்தப் பிள்ளையின் கண்ணிலாவது அந்த மூலை தெரியுமா? 'கட்டம் நிரப்பல்' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லே படம் வரைந்து காட்டும்.

களிமண் பலகையைப் பதிப்பித்த அதே நொய்கெபவுவர், 1952-இல் தமிழர் வானியல் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்று எந்த ஊர்ச்சான்று என்று நினைக்கின்றீர்? நம் புதுவைச் சான்று! சென்னை வான்நோக்கு நிலையத்திற் பணியாற்றிய வாரன் என்பார், 1825-இல் 'காலசங்கலித' என்னும் நூலை வெளியிட்டார். நம் நாட்டார் நாளும் கோளும் கணிக்கும் முறைகளைத் திரட்டிய நூல் அது. புதுவையில் வாழ்ந்த ஐந்திறன் கணிப்பவர் ஒருவரை அவர் கண்டார். அப்பெரியவர் தாளும் கோலும் கொள்ளாமல், தரையிற் சோழிகளைப் பரப்பி, நெட்டுருச் செய்த சொற்றொடர்களிலிருந்து எண்களை எடுத்தெடுத்து, அவ்வாண்டு மே 31, சூன் 1 இடையிரவில் நிகழ்ந்த நிலாமறைப்பைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 மணித்துளியும், நடுவில் 23 மணித்துளியும், முடிவில் 52 மணித்துளியுமே வேறுபாடு. சோழிகளைக் கொண்டு!

நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? நிமிரட்டும். ஆனால் வாரன் இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறார். அப்பெரியவர்க்கு அக்கணிப்பின் உட்கருத்து ஒன்றும் தெரியாது. நினைவாற்றல் ஒன்றே அவர் முதல் என்கிறார். வாரன் சொல்வது முழுதும் முறைதானா என்று வழக்காடலாம், யானும் வழக்காடியிருக்கிறேன். ஆயினும் ஒன்றை மறுக்க முடியவில்லை. அம்முறையைக் கண்டவன் எவனோ, அவனுக்கு 'ஏன்' தெரிந்திருந்தது. வழிவழி வந்ததில் 'எப்படி' தங்கியது, 'ஏன்' உதிர்ந்துபோயிற்று. உதிர்ந்த பின்னர், முறையிற் சேர்ந்த பிழையைத் திருத்த ஆளில்லை. நம் தெருப் பிள்ளை ஒரே மூச்சில் ஒப்பித்தபோது எனக்குச் சோழிகளின் ஓசை கேட்டது. வேறுபாடு ஒன்றுதான்: அப்பெரியவர் தம் மொழியில் ஒப்பித்தார், இவளுக்கு அந்தப் பேறும் இல்லை.

பலகைக்கு வருவோம். எல்லா நிலமும் இப்படி எளிதிற் பிளந்து கொடுக்குமா? கொடுக்காது. 7-க்கு மாறாக 8 கோல் மிகுதி என்றால்? மேலே எழுதிய இணைகளில் 8 வேறுபாடு எங்கும் இல்லை. பிள்ளைகள் இங்கே அரைமணி நேரம் தேடி அழுவார்கள். தேடுமுன் ஓர் ஆய்வு செய்க. வேறுபாட்டின் இருமடியோடு பரப்பின் நான்மடங்கைக் கூட்டுக. முதற்கணக்கில் 49 + 240 = 289; இது 17-இன் இருமடி. பதினேழு என்பது வேறொன்றுமன்று, நீளமும் அகலமும் கூடிய தொகையே! இரண்டாங் கணக்கில் 64 + 240 = 304; இது எந்த முழுவெண்ணின் இருமடியும் அன்று. எனவே முழுவெண்களாற் கூறுபடாது, வீணே தேடவேண்டா. கட்டத்தை நிரப்புக: 4-இன் இருமடி 16, அதனோடு 60 கூட்ட 76, அதன் இருமடிவேர் ஏறத்தாழ 8.718, 4 போக 4.718 கோல். அடியிற் சொன்னால் 113 அடிக்குச் சற்று மேல். அந்த ஆங்கில வாய்பாடு செய்வதெல்லாம் இவ்வளவே. கட்டம் நிரப்புவதைச் சுருக்கி எழுதிய குறிப்பு அது.

இன்னுமொரு வகை. நீளம் அகலத்தின் இருமடங்கைவிட 3 கோல் மிகுதி. பரப்பு 65 குழி.

2அ² + 3அ − 65 = 0

முன்னே 2 நிற்கிறது. இப்போது முதலெண்ணையும் கடையெண்ணையும் பெருக்குக: −130. பெருக்கினால் −130, கூட்டினால் 3 தருவன 13-உம் −10-உம். நடுவுறுப்பை இரண்டாகப் பிளந்து எழுதுக:

2அ² + 13அ − 10அ − 65 = 0
அ(2அ + 13) − 5(2அ + 13) = 0
(2அ + 13)(அ − 5) = 0

அகலம் 5, நீளம் 13. இரண்டு வரியிலும் ஒரே கூறு தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றவில்லை என்றால் பிளந்ததிற் பிழை.

சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லாமற் போனால் இம்மேடை என்னை மன்னிக்காது. பாடநூல் 'காரணி' என்கிறது. அதைத் தமிழென்பாரும் உளர், அல்லவென்பாரும் உளர். அவ்வழக்கைச் சொல்லாய்வாளரிடம் விடுகிறேன். யான் 'கூறு' என்பதற்குக் கரணியம் வேறு. 'அறுபதைக் கூறுபோடு' என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உடனே போடுகிறது. மீன்கடையிலும் காய்கடையிலும் கூறு பார்த்த பிள்ளை அது. 'காரணிப்படுத்து' என்றால் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது. தூயதமிழ் என்பது வடசொல்லைத் துரத்தும் வேலை மட்டுமன்று. பிள்ளைக்கும் பொருளுக்கும் இடையே நிற்கும் திரையை விலக்கும் வேலையும் ஆகும். விளங்காத தூயதமிழ்ச் சொல்லை ஆக்கிக் கொடுத்தாலும் அதுவும் ஒரு திரையே. நம்மவர் ஆக்கிய சில கலைச்சொற்களைக் கண்டு யானே அஞ்சியதுண்டு. பெயர் சொல்ல மாட்டேன், ஆக்கியவர் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கின்றனர்.

அண்மை ஆண்டுகளில் புதுவை அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு நடுவண் வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறியதை அறிவீர்கள். கணக்கு நூல் ஆங்கிலத்தில் வருகிறது. பெற்றோர் பலர் விரும்பியே ஏற்றனர். அவர்களை யான் பழிக்கவில்லை. பிள்ளை முன்னேற வேண்டுமென்று நினைப்பது குற்றமா? ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் அப்பிள்ளைக்கு இந்தக் குழிக்கணக்கை யார் சொல்லிக் கொடுத்தீர்கள்? நிலம் விற்கும்போது குழி, வாங்கும்போது குழி, வரப்புச் சண்டையிற் குழி; பாடம் என்று வந்தால் மட்டும் குழியைக் காணோம். பள்ளியின் மொழியை மாற்றப் போராடுவோம், அது நெடும்போர். அதுவரை, மாலையில் அரைமணி நேரம், திண்ணையிலோ மாடியிலோ, தமிழிற் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை யார் தடுத்தார்கள்? நம் மன்றத்தின் மாடியறை கிழமைதோறும் ஞாயிறு மாலை பூட்டித்தான் கிடக்கிறது. செயலாளர் திறவுகோலைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது.

அந்தப் பிள்ளையின் செய்தியைப் பாதியில் விட்டேன். ஒரு கிழமை கழித்து வந்தாள். பாகூரில் இருக்கும் தன் பாட்டனார் நிலத்தை ஆவணத்திற் பார்த்து, குழியைக் குறித்துக்கொண்டு, மிகுதியை அவரிடமே கேட்டு, சமன்பாடு எழுதிக் கூறுபோட முயன்றிருக்கிறாள். கூறுபடவில்லை. "தாத்தா, எங்கள் நிலம் பிளக்க மாட்டேன் என்கிறது" என்றாள். "கட்டத்தை நிரப்பு" என்றேன். நிரப்பினாள். வந்த அகலத்தைப் பாட்டனாரிடம் சொன்னபோது, "வரப்பை அவன் தள்ளிப் போட்டிருக்கிறான் என்று அன்றே சொன்னேனே!" என்று பக்கத்து நிலத்துக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாராம். அந்த வழக்கு என்ன ஆயிற்றென்று யான் கேட்கவில்லை.

பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்று தந்து அமர்கிறேன். பரப்பு 84 குழி. நீளம் அகலத்தைவிட 5 கோல் மிகுதி. முதலில் ஆய்வைச் செய்யுங்கள், கூறுபடுமா என்று. பிறகு பலகைக்கு வாருங்கள். சுண்ணக்கட்டி மேசைமேல் இருக்கிறது.